ஐட்லிங் பிடிக்காத போட் இன்ஜின்

தண்ணி வந்தா வாரேன் என்று சொன்ன மனிதர், தண்ணீர் வந்த பிறகு, இன்ஜின் சரியா ஓடுனா வாரேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைக் கண்மாயில் எறிந்திருப்பேன். போனை எறிந்தால் அந்தக் குரலும் போய்விடும் என்பதால் எறியவில்லை.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் படகு ஓட்டுகிறார். கரையிலிருந்து கப்பலுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிற படகு. வாடிப்பட்டிக்கு மேற்கே, வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊரில் பிறந்தவனுக்குப் படகு எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். கட்டட வேலைக்குத்தான் போனார். நீச்சல் தெரிந்தவன் யார் என்று ஒருநாள் அங்கே கேட்டிருக்கிறார்கள். கண்மாயில் பழகிய நீச்சலை நம்பி இவர் கையைத் தூக்கியிருக்கிறார். தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

அவர் எனக்குச் சொந்த அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே மச்சான், நீ, வா, போ என்றுதான் பேச்சு. எழுதுகிறபோது மட்டும் 'அவர்' என்று போடுகிறேன். நேரில் அவ்வளவு மரியாதை கிடையாது. அத்தையிடமும் அப்படித்தான். அத்தையாக இருந்தபோது 'நீ' என்று கூப்பிட்டேன், மாமியாரான பிறகு மாற்றிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்கும் தோன்றவில்லை.

ஊர்க் கண்மாயில் மீன் வளர்க்கிற குத்தகை எங்களுடையது. அத்தையும் நானும் பார்க்கிறோம். குஞ்சு விடுவது, தவிடும் புண்ணாக்கும் போடுவது, ஆகாயத்தாமரையை ஒதுக்குவது, திருட்டு வலை போடுகிறவனைக் கரையில் நின்று வைவது எல்லாம் நாங்கள்தான். மீன் பிடிப்பு மட்டும் பெரிய வேலை. அதற்கு அவர் வருவதாகப் பேச்சு. ஒவ்வொரு வருஷமும் பேச்சு. போன ரெண்டு வருஷமும் மழை இல்லை, கண்மாய் வெடித்துக் கிடந்தது. தண்ணியே இல்ல, நான் வந்து என்ன பண்ண என்றார். நான் இருக்கேனே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. திட்டிப் பழக்கம் உண்டு.

இந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள், மேலே மழையும் பெய்தது. கண்மாய் நிறைந்து கலிங்கு வழியாக வழிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அதற்குத்தான் அந்தப் பதில்: இன்ஜின் சரியா ஓடுனா வாரேன்.

அந்த இன்ஜின் அவர் வாங்கியதுதான். ஒரு லீவில் வந்தபோது ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பழையதாக ஒன்றை வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். படகுக்குப் பின்னால் மாட்டுகிற வகை. மேலே தலை, அதற்குள் ரெண்டு சிலிண்டர். கீழே நீளமான கால், காலின் நுனியில் விசிறி. கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். டூ ஸ்ட்ரோக், அதனால் மொபெட் மாதிரி பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கண்மாய் வற்றிக் கிடந்த ரெண்டு வருஷமும் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைச் சுவரில் தொங்கியது. அத்தை அதற்கு ஒரு பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்தார்.

இறக்கி, கண்மாயில் நிற்கிற எங்கள் படகில் மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்தேன். பிடித்துக்கொண்டது. முறுக்கினால் நன்றாக ஓடியது. குறைத்தால்தான் வினை. உடம்பெல்லாம் உதறும், இருமும், புகையைக் கக்கும், அணைந்துவிடும். ஐட்லிங் என்பது பிடிக்கவே இல்லை. கண்மாயில் ஐட்லிங் இல்லாத இன்ஜினை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வலைக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் போக வேண்டும். அங்கே போய் அணைந்துவிட்டால் காற்று படகைத் தள்ளி ஆகாயத்தாமரைக்குள் சொருகிவிடும், அல்லது விசிறியில் வலை சுற்றிக்கொள்ளும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது. ஐட்லிங் பிடிக்காட்டி பிடிப்புக்கு எறங்க முடியாதே, அடுத்த வருஷம் பாத்துக்கலாமா என்றார். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இவரிடம் இருக்கிற கடைசிச் சாக்கு இந்த இன்ஜின். அதையும் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை.

பகலில் அவர் படகில் இருப்பார், போன் எடுக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். நான் இன்ஜின் சத்தத்தைப் பதிந்து அனுப்புவேன், அவர் கேட்டுவிட்டு யோசனை சொல்வார். முதலில் ப்ளக்.

"ரெண்டு ப்ளக்கையும் கழட்டு. கருப்பா, ஈரமா இருக்கான்னு பாரு. சின்ன பிரஷ் வச்சுத் தேச்சு, வெயில்ல காய வச்சு மாட்டு. ரொம்ப இறுக்கிறாத, அலுமினியம், புரி போயிரும்."

ப்ளக் கழற்றுவது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னால் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம். யாரோ ஹிந்தியில் இவரை 'பாய்' என்று கூப்பிடுகிறான். நடுவில் ஒரு இருமல். இந்த இருமல் புதுசு. ப்ளக்கைப் பற்றிச் சொல்லத் தெரிந்த மனுசனுக்கு இருமலைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. நானும் ப்ளக் கருப்பாக ஈரமாக இருந்தது என்று மட்டும் பதில் போட்டேன்.

ஆயில் கூடிப்போச்சோ என்றார். பங்க்கில் மொபெட்டுக்குக் கலக்குகிற கணக்கில்தான் வாங்கியிருந்தேன். அதைக் கீழே ஊற்றிவிட்டு, அவர் சொன்ன அளவில் புதுசாகக் கலந்தேன். மாற்றமில்லை. பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயில் விரிசல் இருந்து காற்று இழுக்குதா பாரு என்றார். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. ரெண்டு சிலிண்டரில் ஒன்று தூங்குதா பாரு, ஒவ்வொரு ப்ளக் வயரா உருவிப் பாரு என்றார். ஷாக் அடித்துக் கையை உதறிக்கொண்டு பார்த்தேன். ரெண்டும் வேலை செய்தது. கடைசியில் கார்ப்பரேட்டர் என்றார். எந்த இன்ஜினுக்கும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள் போல.

கார்ப்பரேட்டரைப் பிரிக்க எனக்குப் பயமாக இருந்தது. வாடிப்பட்டியில் மொபெட் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் உண்டு. இன்ஜினை ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். கடை வாசலில் இறக்கியதும் அவர் சுற்றிவந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"போட் இன்ஜின்ணே."

"வாடிப்பட்டிக்குக் கடல் வந்துருச்சா? சொல்லவே இல்ல."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஐட்லிங் பிடிக்கலண்ணே. பாக்க முடியுமா, முடியாதா?"

"டூ ஸ்ட்ரோக்குதான, எல்லாம் ஒரே சாமானுதான். வச்சுட்டுப் போங்க."

ஆள் வேலையில் குறை சொல்ல முடியாது. கார்ப்பரேட்டரைப் பிரித்து, சின்ன ஜெட்டுகளையெல்லாம் ஊதி, மிதவையைச் சரிபண்ணி மாட்டியிருந்தார். மறுநாள் நான் போனதும் ஒரு ஸ்டாண்டில் நிறுத்திக் கயிற்றை இழுத்துக் காட்டினார். என்ன அருமையான ஐட்லிங். தையல் மிஷின் மாதிரி ஓடியது. தண்ணீர் இல்லாமல் ரொம்ப நேரம் ஓட்டினால் சூடாகிவிடும் என்று நான் கத்தியதும் அணைத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், மச்சான் வருவதற்குள் வெள்ளை அடிப்பதா, கட்டில் பலகையை மாற்றுவதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ஒரு பழைய இரும்பு டிரம் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் ஒரு பலகையைக் கட்டி, இன்ஜினை மாட்டினேன். கால் முழுக்கத் தண்ணீருக்குள். கயிற்றை இழுத்தேன். பிடித்தது, உதறியது, இருமியது, செத்தது.

மறுபடியும் வாடிப்பட்டிக்குப் போய் மெக்கானிக்கைப் பிடித்தேன்.

"அண்ணே, தண்ணியில வச்சா நிக்குதுண்ணே."

"தண்ணியில வச்சா நான் பொறுப்பில்லம்மா. இங்க ஓட்டிக் காமிச்சேனா, இல்லையா?"

"போட் இன்ஜினத் தண்ணியில வைக்காம ஒங்க கடைச் சுவத்துலயா வைப்பாக?"

"அதான் நான் மொதல்லயே கேட்டேன், கடல் வந்துருச்சான்னு."

இன்னும் சில வார்த்தைகள் பேசினோம். அவற்றை இங்கே எழுத வேண்டாம்.

அன்றைக்கு மத்தியானம் டிரம்மை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். டிரம்மின் அடியில் துரு தின்ற ஒரு ஓட்டை உண்டு, தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் இன்ஜின் அணையாமல் ஓடுவது போலிருந்தது. உதறல் குறைந்தது. மெல்ல மெல்ல அந்தத் தையல் மிஷின் சத்தம் வந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. ஒரு குடம் ஊற்றினேன். இருமியது. இன்னொரு குடம். செத்தது. தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். ஓடியது.

இதை அப்படியே பேசி அனுப்பினேன். தண்ணீர் குறைந்தால் ஓடுகிறது, நிறைந்தால் சாகிறது, உன்னை மாதிரியே இருக்கிறது உன் இன்ஜின் என்றும் சேர்த்து அனுப்பினேன். அவர் சாப்பாட்டு நேரம்வரைகூடக் காத்திருக்கவில்லை. உடனே பதில் வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

"ஏய், அது மூச்சு விட முடியாமக் கெடக்குடி. வேகமா ஓடுறப்ப புகை விசிறி வழியாத் தண்ணிக்குள்ளயே போயிரும். மெதுவா ஓடுறப்ப அம்புட்டுத் தண்ணியத் தள்ளுற தெம்பு அதுக்குக் கெடையாது. அதுக்காகக் காலோட பின்பக்கம், மேல, தண்ணிக்கு வெளிய ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பான். அதுல புகை வருதா பாரு. வராது. என்னமோ அடைச்சிருக்கு."

பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். விரல் நுழைகிற அளவு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் மண். மழமழவென்று பூசிய செம்மண். குளவிக்கூடு.

குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து குத்தப் போனேன். அதுவரை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"அதுல கைய வைக்காத."

"எதுல?"

"அந்த ஓட்டையில. குளவி கட்டிருக்கு."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா அத்தே?"

"சித்திரையிலருந்து தெரியும். சேலையச் சுத்தி வச்சது எதுக்குங்கிற?"

எங்கள் பக்கம் குளவி வீட்டுக்குள் கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்தி உண்டாவாள் என்று நம்புவார்கள். கூட்டைக் கலைக்க மாட்டார்கள். ஸ்விட்ச் போர்டில் கட்டினால் அந்த ஸ்விட்சைப் போடாமல் விட்டுவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ரெண்டு பேரிடமும் குறை இல்லை, கொஞ்ச நாள் ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருங்கள் என்றார். அதற்கு மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

"இம்புட்டு நாளா நான் ப்ளக்கையும் கார்ப்பரேட்டரையும் கழட்டிக் கழட்டி மாட்டுறேன். ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"நீ கார்ப்பரேட்டரத்தான கழட்டுன. கூட்டுல கை வைக்கலையே."

"குளவி கட்டுனாப் புள்ள வந்துருமா அத்தே? ஒன் மகன் அங்க கெடந்தா குளவி என்ன பண்ணும்?"

"கெட்ட வார்த்தை பேசாத."

"இதா கெட்ட வார்த்தை? இந்த ஓட்டை தொறந்தாத்தான் இன்ஜின் ஓடும். இன்ஜின் ஓடுனாத்தான் ஒன் மகன் வரும். ஒன் மகன் வந்தாத்தான்... மிச்சத்த நீயே சொல்லு."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, கூட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இந்தா, இதுல வட்டமா ஓட்டை இருக்கு. இது பறந்துருச்சு. பக்கத்துலயும் பறந்துருச்சு. இந்த ஒண்ணு மூடித்தான் இருக்கு. உள்ள புழு இருக்கும்."

"இருக்கட்டும். அதுக்காக?"

"ஒடைக்காம எடு. முழுசா எடு."

மெக்கானிக்கிடம் வாய்ச்சண்டை போட்டவள், அத்தை நீட்டிய காய்கறிக் கத்தியை வாங்கிக்கொண்டு அந்த மண்ணைச் சுற்றிச் சுற்றிக் கீறினேன். மேல் இரண்டு அறையும் உதிர்ந்தன. மூடிய அறை மட்டும் கட்டியாகக் கையில் வந்தது, ஒரு பேரீச்சம்பழம் அளவுக்கு. அத்தை ரெண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் மாடக்குழியில் வைத்தார்.

அந்த ஓட்டைக்குள் எத்தனை தடவை புகையும் சூடும் போய் முட்டியிருக்கும். உள்ளே எதுவும் உயிரோடு இருக்க முடியாது. அத்தையிடம் அதை நான் சொல்லவில்லை. எனக்கே அதைக் காதில் கேட்கப் பிடிக்கவில்லை.

குடைக்கம்பியை விட்டு உள்ளே இருந்த மண்ணையெல்லாம் கிளறி எடுத்தேன், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். டிரம்மை விளிம்புவரை நிரப்பிக் கயிற்றை இழுத்தேன். அந்த ஓட்டையிலிருந்து புகை பொசுபொசுவென்று வந்தது. இன்ஜின் உதறவில்லை. அத்தை மாட்டை மறந்துவிட்டு நின்று பார்த்தார்.

"ஓடுதாடி?"

"ஓடுது."

"அவனுக்குச் சொல்லு."

சொல்லவில்லை. டிரம்மில் ஓடியதை நம்பி ஏமாற மாட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே அவருக்கு லீவு. காலையில் இன்ஜினைப் படகில் மாட்டிக்கொண்டு தனியாகக் கண்மாய்க்குள் போனேன். கருவேல மரங்கள் பாதி முங்கி நின்றன. நீர்க்காகங்கள் மரத்தில் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. ஆழமான இடத்துக்குப் போய், வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அணையவில்லை. படகு நகர்வது தெரியாத அளவுக்குக் குறைத்த பிறகும் டுக் டுக் என்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"அட," என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "என்னா அருமையா ஓடுது. கண்மாயிலயா இருக்க?"

"நடுக் கண்மாயில."

"தனியாவா? அப்ப நீயே ஓட்டிருவ போலயே. பிடிப்புக்கு வலைக்காரங்கள மட்டும் சொல்லிக்கிட்டாப் போதும். நான் எதுக்கு?"

சந்தோஷமாகத்தான் சொன்னார். என்னைப் பாராட்டுகிறாராம். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது.

"இன்ஜின் ஓட்டவா மச்சான் ஒன்ன வரச் சொன்னேன்?"

போனை இன்ஜினை விட்டு வாய்க்குப் பக்கம் இழுத்தேன்.

"தண்ணி இல்லாட்டியும் வா. இன்ஜின் செத்தாலும் வா. மீனெல்லாம் மெதந்தாலும் வா. எனக்கு ஒன்னப் பாக்கணும். அதுக்குத்தான் இம்புட்டு நாளா இந்தக் கருமத்தக் கட்டி அழுதேன்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நீர்க்காகங்களைத் தவிர யாரும் இல்லை என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் ஒருமுறை இருமினார். பிறகு, "இன்ஜின ஆஃப் பண்ணு. நீ பேசுறது சரியாக் கேக்கல," என்றார்.

"கேட்டுச்சு. ஒனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"ஆஃப் பண்ணுடி."

அணைத்தேன். கண்மாய் முழுக்க அப்படியே அடங்கிவிட்டது. படகில் தண்ணீர் தட்டுகிற சத்தம் எங்கள் ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார்.

சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை.

"பொங்கலுக்கு வந்துருறேன்."

"பொங்கல் அது பாட்டுக்கு வந்துரும். நீ வருவியான்னு கேட்டேன்."

"வருவேன்டி. லீவு எழுதிக் குடுக்குறேன்."

இதை எழுதுகிறபோது மார்கழி பாதி போய்விட்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டார், அங்கே இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம். நான் நம்புகிறேனா என்று கேட்டால், பாதி நம்புகிறேன். வலைக்காரர்களைப் பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார். இன்ஜினைப் பற்றி ரெண்டு பேரும் பேசுவதில்லை, பேச அதில் ஒன்றும் பாக்கி இல்லை. சாப்பிட்டியா என்கிறார். சாப்பிட்டேன், இருமல் எப்படி இருக்கு என்கிறேன். பரவாயில்ல என்கிறார். அதற்குப் பிறகு என்ன பேசுவதென்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. காதில் போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம். வைக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை.